அமெரிக்காவில் நரம்பியல் உறைவிட மருத்துவப் பயிற்சி

நரம்பியல் உறைவிட மருத்துவப் பயிற்சி என்பது, மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் மூளை, தண்டுவடம், நரம்புகள், தசைகள் ஆகியவற்றின் நோய்களைக் கண்டறிந்து குணப்படுத்தும் நரம்பியல் மருத்துவராக உருவாவதற்காக, மருத்துவமனை ஒன்றில் ஊதியத்துடன் பணியாற்றிக்கொண்டே பெறும் பயிற்சி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது 4 ஆண்டுகள் நீடிக்கிறது. முதலாண்டு பெரும்பாலும் பொது மருத்துவத்திலும், அடுத்த 3 ஆண்டுகள் நரம்பியலிலும் கழிகின்றன. அங்கு மருத்துவக் கல்லூரியில் சேருவதற்கு முன்பே பெரும்பாலோர் ஓர் இளநிலைப் பட்டம் பெற்றிருப்பர். ஆகவே பள்ளிப்படிப்பை முடித்த ஒருவர் நரம்பியல் மருத்துவராவதற்கு வழக்கமாக 12 ஆண்டுகள் பிடிக்கும். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுவை செய்யும் நரம்பறுவை மருத்துவம் இதனின்று வேறானது. அதற்கான பயிற்சி 7 ஆண்டுகள்.

வகுப்பறையில் கற்றுப் பின்னர் பணிக்குச் செல்லும் முறை இங்கில்லை. கற்றுக்கொண்டிருப்பவரின் கையிலேயே உண்மையான நோயாளி ஒப்படைக்கப்படுகிறார். மிகுதியான பொறுப்பை விரைவில் கொடுத்தால் நோயாளிக்குத் தீங்கு நேரலாம். பொறுப்பே கொடுக்காவிட்டால் தானாக முடிவெடுக்கத் தெரியாத மருத்துவர் உருவாவார், அவரால் வருங்கால நோயாளிகளுக்குத் தீங்கு நேரும். பயிற்சியின் விதிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடையே ஓர் அளவைத் தேடும் முயற்சிகளே.

பெயரும் தோற்றமும்

பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி வாழ்ந்ததால் உறைவிட மருத்துவர் என்ற பெயர் வந்தது. பால்ட்டிமோர் நகரில் 1889 இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் பொது மருத்துவத்திலும், வில்லியம் ஹால்ஸ்டெட் அறுவை மருத்துவத்திலும் இம்முறையை அமெரிக்காவில் நிலைபெறச் செய்தனர். செருமானியப் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் வழக்கமே இதற்கு முன்மாதிரி. இன்று உறைவிட மருத்துவர்கள் தத்தம் வீடுகளில்தான் வசிக்கின்றனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நரம்பியல் ஒரு தனித்துறையாக வளர்ந்தது ஐரோப்பாவில் ஆகும். இலண்டனில் குவீன் சுகொயரில் அமைந்த தேசிய மருத்துவமனை 1859 இல் நிறுவப்பட்டது. பாரிசின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் சார்கோவுக்காக 1882 இல் நரம்பு நோய்களுக்கான பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்காவிலோ உள்நாட்டுப் போர் ஒரு தொடக்கமாக அமைந்தது. குண்டடிபட்டு நரம்புகள் சிதைந்த படைவீரர்களை சைலசு வேர் மிட்செல் பிலடெல்பியாவில் ஆராய்ந்தார். அமெரிக்க நரம்பியல் கழகம் 1875 இல் தோன்றியது.

மனநல மருத்துவமும் நரம்பியலும் நெடுங்காலம் ஒட்டியே வளர்ந்தன. 1934 இல் அமைக்கப்பட்ட சான்றளிப்பு வாரியம் இரண்டுக்கும் பொதுவானதாகவே ஏற்படுத்தப்பட்டது. இன்றும் அவ்வாறே உள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1950 இல் நரம்பு நோய்களுக்கென நடுவண் அரசின் ஆய்வு நிறுவனம் தோன்றிப் பயிற்சிக்கு நிதி வழங்கத் தொடங்கியது. அதன் பின்னரே நரம்பியல் பயிற்சி நாடெங்கும் பரவலாயிற்று.

இடங்கள் பகிர்ந்தளிக்கப்படும் முறை

பயிற்சி இடம் பெற விரும்பும் மாணவர் மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுதி, பல மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்து, நேர்காணல்களில் கலந்துகொள்கிறார். பின்னர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தித் தருகிறார். மருத்துவமனைகளும் தமக்கு வேண்டிய மாணவர்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. இவ்விரு பட்டியல்களையும் கணினி ஒன்றிணைத்து இடங்களை ஒதுக்குகிறது. 1952 இல் தொடங்கிய இத்திட்டத்தின் முடிவுகள் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் ஒரே நாளில் அறிவிக்கப்படுகின்றன.

இதன் படிமுறை எளிமையானது. ஒவ்வொரு மாணவரும் முதலில் தம் பட்டியலின் முதலிடத்தில் உள்ள மருத்துவமனையைக் கேட்கிறார். மருத்துவமனை தன்னைக் கேட்டவர்களுள் தனக்கு மிகவும் விருப்பமானவர்களை இடங்களின் எண்ணிக்கை அளவுக்குத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, மற்றவர்களை மறுக்கிறது. மறுக்கப்பட்டவர் தம் அடுத்த விருப்பத்தைக் கேட்கிறார். அவர் மருத்துவமனைக்கு மேலும் விருப்பமானவராயின், முன்னர் வைத்துக்கொண்ட ஒருவர் விடுவிக்கப்பட்டு, தம் பட்டியலில் கீழே செல்கிறார். கேட்க எவருமில்லை என்னும் நிலை வரும்போது ஒதுக்கீடு உறுதியாகிறது. அந்நிலையில், தமக்குக் கிடைத்ததை விட ஒருவரையொருவர் கூடுதலாக விரும்பும் மாணவர்-மருத்துவமனை இணை எதுவும் எஞ்சியிராது. எனவே ஒதுக்கீட்டை மீறித் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள எவருக்கும் காரணமில்லை.

இவ்வகைப் பண்புகளைக் கணிதவியலாளர்களான டேவிட் கேல், லாயிட் சாப்லி ஆகியோர் 1962 இல் நிறுவினர். மருத்துவமனைகளோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இதற்கு நிகரான முறையைப் பயன்படுத்தி வந்தன என்பதை ஆல்வின் ராத் 1984 இல் எடுத்துக்காட்டினார். கோட்பாட்டை நடைமுறை முந்திக்கொண்டதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆனால் பழைய முறையில் மருத்துவமனைகளே முதலில் கேட்டன. அது அவற்றுக்கே சாதகமானது. ராத் மறுவடிவமைத்த, மாணவர் முதலில் கேட்கும் முறை 1998 இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களான கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இடம் கேட்கும்போது மட்டும் கணிதம் தடுமாறுகிறது. அத்தகைய சூழலில் மேற்சொன்ன நிலைத்தன்மை எப்போதும் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. ராத், சாப்லி ஆகியோருக்கு 2012 இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

முதலாண்டு

நரம்பியலைக் கற்க வந்தவர் ஓராண்டு பொது மருத்துவத்தில் ஏன் பணியாற்ற வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. பக்கவாதத்துடன் வருபவருக்குப் பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தமோ, நீரிழிவோ, ஒழுங்கற்ற இதயத்துடிப்போ உடன் இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தால் ஒரு பக்கக் கை கால்கள் செயலிழந்து அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே தோன்றுவதுண்டு; சர்க்கரை ஏற்றியதும் சரியாகிவிடும். கல்லீரல் பழுதடைந்தாலும், இரத்தத்தில் உப்பின் அளவு மாறினாலும் மூளை தடுமாறும். உடலின் பிற உறுப்புகளை அறியாதவர் மூளையை மட்டும் பார்த்துத் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

எங்கே, என்ன

நரம்பியல் பயிற்சியின் இதயம் நோயின் இடத்தைக் கண்டறிதலாகும். பழுது எங்கே உள்ளது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். என்ன பழுது என்பது அதன் பின்னரே. மின்சுற்றில் எந்த விளக்குகள் எரியவில்லை என்பதைக் கொண்டு எந்த இடத்தில் கம்பி அறுந்துள்ளது என்று ஊகிப்பதை இது ஒத்தது. பெருமூளையா, மூளைத்தண்டா, சிறுமூளையா, தண்டுவடமா, நரம்பு வேரா, நரம்பா, நரம்பும் தசையும் சந்திக்கும் இடமா, தசையா என்று மேலிருந்து கீழாக ஆராய்வர். இடம் தெரிந்த பின்னர், நோய் தொடங்கிய வேகம் அதன் தன்மையைக் காட்டும். நொடியில் வந்தது பெரும்பாலும் இரத்தக் குழாய் சார்ந்தது. நாட்கணக்கில் வளர்ந்தது அழற்சியாகவோ தொற்றாகவோ இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது நரம்புச் சிதைவாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஒருவரால் நடக்கும்போது வலது பாதத்தை உயர்த்த முடியவில்லை, பாதம் தொங்குகிறது. பழுது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்புற எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பில் இருக்கலாம். நெடுநேரம் கால் மேல் கால் போட்டு அமர்ந்தாலே அந்நரம்பு நசுங்கும். அல்லது கீழ்முதுகில் ஐந்தாம் நரம்பு வேர் அழுத்தப்பட்டிருக்கலாம். இரண்டிலும் பாதம் தொங்கும். உறைவிட மருத்துவர் நோயாளியிடம் பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொல்கிறார். அச்செயலுக்கான தசை ஐந்தாம் வேரிலிருந்து தூண்டலைப் பெற்றாலும், வேறொரு நரம்பின் வழியாகவே பெறுகிறது. எனவே உட்புறம் திருப்பும் வலிமை குன்றியிருந்தால் பழுது வேரில் இருக்க வாய்ப்பு மிகுதி. வலிமை குன்றாமலிருந்தால் முழங்கால் அருகே தேட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் போதாதா என்ற ஐயம் எழலாம். வயதானவர்களின் முதுகைப் படமெடுத்தால், எவ்வித நோய்க்குறியும் இல்லாதவரிடத்தும் வட்டுப் பிதுக்கம் தென்படுவது வழமை. முழங்காலருகே நரம்பு நசுங்கியவருக்கு முதுகுப் படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், தொடர்பில்லாத பிதுக்கத்தைக் காரணமாகக் கொண்டு தேவையற்ற அறுவைக்கு அவரை அனுப்பும் ஆபத்து உண்டு. எந்த இடத்தைப் படமெடுப்பது, படத்தில் தெரிவதில் எதை நம்புவது என்பனவற்றை நோயாளியைத் தொட்டுப் பார்த்த மருத்துவரே சொல்ல முடியும். தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியல், இசைக்கவை, கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவி ஆகியன இன்றும் நரம்பியல் மருத்துவரின் பையில் இருப்பதற்கு இதுவே காரணம். பாதத்தின் அடிப்பகுதியைக் கீறிப் பெருவிரல் மேல்நோக்கி மடிகிறதா என்று பார்க்கும் சோதனையை சோசப் பாபின்சுக்கி 1896 இல் விவரித்தார். அது இன்றளவும் நாள்தோறும் செய்யப்படுகிறது.

மருத்துவ மாணவர்கள் பலர் இத்துறையைக் கண்டு அஞ்சுவதற்கு நரம்பச்சம் என்று பொருள்படும் ஒரு பெயரை ரால்ஃப் யோசஃபோவிக்சு 1994 இல் சூட்டினார். உடற்கூறு, உடலியங்கியல் ஆகிய அடிப்படைப் பாடங்களை நோயாளியின் அருகில் பயன்படுத்தத் தெரியாமையே அச்சத்தின் வேர் என்பது அவர் கருத்து.

இரண்டாமாண்டும் பக்கவாத அழைப்பும்

நரம்பியல் பிரிவில் முதன்முதலாகப் பணியாற்றும் இரண்டாமாண்டே மிகக் கடினமானது எனலாம். காலையில் நோயாளர்களைப் பார்த்துக் குறிப்பெழுதி, மூத்த மருத்துவருடன் படுக்கை படுக்கையாகச் சென்று ஒவ்வொருவரின் நிலையையும் எடுத்துரைக்க வேண்டும். பிற பிரிவுகளிலிருந்து வரும் ஆலோசனை அழைப்புகளுக்கும் செல்ல வேண்டும். முதுகிலிருந்து தண்டுவட நீரை எடுத்தல், நில்லாமல் தொடரும் வலிப்பை அடக்குதல், மூச்சுத் தசைகள் தளர்ந்துவரும் கில்லன்-பாரே நோயாளியை உரிய நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுதல் ஆகியனவற்றை இவ்வாண்டில் கற்கின்றனர்.

இவை அனைத்தினும் மேலானது பக்கவாத அழைப்பு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்னும் மருந்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996 இல் பக்கவாதத்துக்கு ஏற்றது. அதுவரை பக்கவாத நோயாளி இரவில் வந்தாலும் காலையில் வந்தாலும் செய்வதற்கு அதிகமில்லை. அதன் பின்னர் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வந்தது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006 இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. மருந்தை முதலில் 3 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருந்தது; 2008 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு 4½ மணி நேரம் வரை பயன் உண்டு எனக் காட்டியது. மெல்லிய குழாயை உட்செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையின் பயன் 2015 இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை அம்முறையைக் கையாளலாம் என்று 2018 இல் தெரியவந்தது.

ஆனால் இம்மருந்து இருபுறமும் கூருள்ள வாள். 1995 இல் வெளியான முதன்மை ஆய்வில் மருந்து பெற்றவர்களுள் 6.4 விழுக்காட்டினருக்கு, நிலையை மோசமாக்கும் மூளை இரத்தக்கசிவு ஏற்பட்டது. மருந்து பெறாதவர்களிடத்தில் அது 0.6 விழுக்காடே. அவ்வாறிருந்தும், மூன்று மாதங்களுக்குப் பின்னர் குறைபாடின்றியோ சிறு குறைபாட்டுடனோ இருந்தவர்கள் மருந்து பெற்ற குழுவிலேயே மிகுதி.

இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வரும்போது ஓடிச் செல்பவர் பெரும்பாலும் உறைவிட மருத்துவரே. சி.டி. படம் இரத்தக்கசிவைக் காட்டிவிடும். அடைப்பினால் வந்த பக்கவாதத்திலோ தொடக்க மணிநேரங்களில் படம் இயல்பாகவே தோன்றலாம். எனவே முடிவு பெரிதும் விசாரணையைச் சார்ந்துள்ளது. நோயாளி கடைசியாக நலமாக இருந்தது எப்போது என்பது முதற் கேள்வி. உறக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தை அன்று, நலமாகப் படுக்கச் சென்ற நேரத்தையே கணக்கில் கொள்வர். பேச இயலாத நோயாளியின் மனைவியிடமோ மகனிடமோ இதைக் கேட்டறிய வேண்டும். வலிப்புக்குப் பின் வரும் தற்காலிகத் தளர்ச்சியா, ஒற்றைத் தலைவலியா, சர்க்கரைக் குறைவா என்பவற்றை விலக்க வேண்டும். 0 முதல் 42 வரையிலான அளவுகோலில் பாதிப்பை மதிப்பிட வேண்டும். பின்னர் மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சில வரிகளில் சொல்ல வேண்டும். இறுதி முடிவு மூத்தவருடையது. அம்முடிவு நிற்பதோ இளையவர் கண்டு சொன்னதன் மேல். நரம்பியலில் கற்றவற்றுள் எது மனத்தில் பதிந்துள்ளது என்பதை இதைப்போல் வெளிப்படுத்தும் தேர்வு வேறில்லை.

மூன்றாம், நான்காம் ஆண்டுகள்

பிந்தைய ஆண்டுகளில் இரவுப் பணி குறைந்து, புறநோயாளர் பிரிவிலும் ஆய்வுக்கூடங்களிலும் செலவிடும் நேரம் கூடுகிறது. மூளை மின்னலைகளைப் படித்தல், நரம்பு மற்றும் தசைகளின் மின்சோதனை ஆகியன கற்பிக்கப்படுகின்றன. 3 மாதங்கள் குழந்தை நரம்பியலிலும் 1 மாதம் மனநல மருத்துவத்திலும் பணியாற்ற வேண்டும். மேலும், பயிற்சிக் காலத்தில் வாரத்தில் அரை நாள் தமக்கென ஒரு புறநோயாளர் பிரிவை நடத்தி, அதே நோயாளர்களைத் தொடர்ந்து பார்த்து வருவர். நடுக்குவாதமோ மறதி நோயோ ஆண்டுக்கணக்கில் எவ்வாறு நகர்கிறது என்பதை வார்டில் ஒரு வாரம் பார்த்து அறிய இயலாது. நான்காமாண்டினர் இளையவர்களுக்குக் கற்பிப்பதும் மேற்பார்வையிடுவதும் வழக்கம்.

கெட்ட செய்தியைச் சொல்லுதலும் கற்க வேண்டிய திறனே. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே வரும் நோய் கண்டறியப்பட்டால், அதை நோயாளியிடம் எந்தச் சொற்களில், யார் உடனிருக்கச் சொல்வது என்பதை மூத்தவர் சொல்வதைக் கண்டே கற்கின்றனர். மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனைகளும் அவ்வாறே. மூளைத்தண்டின் தெறிவினைகள் அனைத்தும் அற்றுப்போயினவா என்று பார்த்து, மூச்சுக்கருவியைத் தற்காலிகமாக விலக்கி, நோயாளி தாமாக மூச்சிழுக்க முயல்கிறாரா எனக் கவனிப்பர். இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இறந்துவிட்டார் என்பதைக் குடும்பத்தினருக்குப் புரியவைப்பது அச்சோதனைகளை விடக் கடினம்.

பணி நேரம்

1984 இல் நியூயார்க்கு நகரில் லிபி சையன் என்னும் 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மறுநாள் காலையில் உயிரிழந்தார். இந்நிகழ்வு உறைவிட மருத்துவர்களின் நீண்ட பணி நேரத்தையும், அவர்களுக்குப் போதிய மேற்பார்வை இல்லாததையும் பொதுமக்கள் முன் கொண்டுவந்தது. நியூயார்க்கு மாநிலம் 1989 இல் பணி நேரத்துக்கு வரம்பு விதித்தது. பயிற்சித் திட்டங்களுக்கு ஏற்பளிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. என்னும் அமைப்பு 2003 இல் நாடு முழுமைக்கும் வாரம் 80 மணி நேர வரம்பை நான்கு வாரச் சராசரியாக ஏற்படுத்தியது. 2011 இல் முதலாண்டினர் தொடர்ச்சியாக 16 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது என்றது. 2017 இல் அதைக் கைவிட்டு, மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் 24 மணி நேரம் வரை அனுமதித்தது.

பின்வாங்கியதற்குக் காரணம் உண்டு. பணி நேரம் சுருங்கினால் நோயாளி ஒரு மருத்துவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும் தடவைகள் கூடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதேனும் செய்தி விடுபடலாம். குழந்தை மருத்துவப் பயிற்சி நடக்கும் 9 மருத்துவமனைகளில் கைமாற்றத்தை ஒழுங்குபடுத்தி நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வொன்றில் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. களைப்பை மட்டும் குறை கூறுவோர் சையன் நிகழ்வின் மறுபாதியான மேற்பார்வையை மறந்துவிடுகின்றனர் என்றே சொல்ல வேண்டும்.

மதிப்பீடும் அதன் பின்னும்

ஆண்டுக்கொரு முறை எழுத்துத் தேர்வு நடைபெறும். அதன் நோக்கம் குறைகளைக் காட்டுவதே. தீவிர சிகிச்சை, தசை மற்றும் நரம்பு நோய், நரம்புச் சிதைவு, புறநோயாளர், குழந்தை என ஐந்து வகை நோயாளர்களை மூத்த மருத்துவர் முன்னிலையில் விசாரித்துச் சோதித்துக் காட்ட வேண்டும். முன்னர் சான்றளிப்பு வாரியமே நோயாளர்களைக் கொண்டு வாய்மொழித் தேர்வு நடத்திவந்தது; அதற்கு மாற்றாகவே இம்முறை வந்தது. பயிற்சி முடிந்ததும் வாரியத்தின் கணினித் தேர்வில் வென்றவர் சான்று பெறுகிறார். பலர் மேலும் ஓரிரு ஆண்டுகள் பக்கவாதம், வலிப்பு நோய் போன்ற உட்பிரிவுகளில் பயில்கின்றனர். குழந்தை நரம்பியலுக்குத் தனியாக 5 ஆண்டுப் பாதை உள்ளது.

இந்தியப் பாதையுடன் ஒப்பீடு

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் தமிழ்நாட்டுடன் நெருங்கிய தொடர்புடையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950 இல் பா. இராமமூர்த்தியும் நரம்பறுவைப் பணியைத் தொடங்கினர். இவர்களும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் 1951 இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

இங்கு நரம்பியல் மருத்துவராவதற்கான பொதுவான வழி எம்.பி.பி.எஸ்., 3 ஆண்டு எம்.டி., அதன் மேல் 3 ஆண்டு டி.எம். என்பதாகும். எம்.டி. பட்டம் பெரும்பாலும் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ அமையும். டி.எம். இடங்களுக்கு நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வு 2017 முதல் நடைபெறுகிறது. சில தேசிய நிறுவனங்கள் தனித் தேர்வு நடத்துகின்றன. அமெரிக்கர் ஓராண்டு மட்டும் பொது மருத்துவம் பார்த்துவிட்டு நரம்பியலுக்கு வருகிறார். இந்தியரோ முழுமையான பொது மருத்துவராகத் தேறிய பின்னரே நுழைகிறார்.

எனினும் டி.எம். பட்டத்துடன் அமெரிக்கா செல்பவருக்கு அப்பட்டம் மட்டும் போதுமானதன்று. பெரும்பாலான மாநிலங்களில் தனித்துப் பணியாற்ற உரிமம் பெற, அவர் அங்குள்ள உரிமத் தேர்வுகளை எழுதி, இடப் பகிர்வில் கலந்துகொண்டு, உறைவிடப் பயிற்சியை மீண்டும் மேற்கொள்ள வேண்டும். அண்மைக் காலத்தில் சில மாநிலங்கள் இவ்விதியைத் தளர்த்தத் தொடங்கியுள்ளன. பயிற்சிக்காக ஜே-1 நுழைவிசைவில் சென்றவர்கள், விலக்குப் பெற்றாலன்றி, பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டுகள் தாய்நாட்டில் வசித்த பிறகே அங்குக் குடியேற விண்ணப்பிக்கலாம். மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் 3 ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்வது அவ்விலக்கைப் பெறும் வழிகளுள் ஒன்று.